பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?

பித்தப்பைக் கல்லை எடுக்க அம்பத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தார் என் பெரியம்மா. முதல் நாள் சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் வந்தார். பல் ஆடுகிறதா, சுகர் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "பஸ்ல போனா வாந்தி வருமாம்மா?" என்று கேட்டார். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போய்ச் சேரும்வரை எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காதவர் பெரியம்மா. "ஆமா" என்றதும் டாக்டர் ஒரு டிக் அடித்தார்.

அந்த டிக், ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும் என்று கணிக்க 1999இல் கிறிஸ்டியன் ஆப்ஃபெல் என்ற மருத்துவரும் சகாக்களும் வகுத்த கணக்கில் ஒரு மதிப்பெண். பெண்ணா? புகைக்காதவரா? பயணத்திலோ, முன்பு நடந்த ஆபரேஷனுக்குப் பிறகோ வாந்தி எடுத்தவரா? ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் வகை வலிமருந்து வேண்டியிருக்குமா? நான்குக்கும் "இல்லை" என்றால் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் தொல்லை. நான்கும் "ஆமாம்" என்றால் எட்டுப் பேருக்கு. நம்மூர்ப் பெண்களில் பெரும்பாலோர் புகைப்பதில்லை; அதனால் எடுத்த எடுப்பிலேயே இரண்டு மதிப்பெண். பத்தில் நான்கு பேர் என்ற இடத்தில்தான் அவர்கள் கணக்கே தொடங்குகிறது.

ஏன் குமட்டுகிறது? ரத்தத்தில் வரும் கண்டதும் மூளைக்குள் நுழையாதபடி ஓர் அரண் இருக்கிறது. மூளைத்தண்டின் ஓரிடத்தில் அந்த அரண் தளர்ந்திருக்கும். அங்கேதான் வாந்தித் தூண்டல் பகுதி, ரத்தத்தில் விஷம் இருக்கிறதா என்று ருசி பார்க்கும் காவல்காரன், உட்கார்ந்திருக்கிறது. மயக்க மருந்தும் அதற்கு விஷமாகவே படுகிறது. குடலிலிருந்தும் சேதி போகும். உடம்பிலுள்ள செரோட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. அது கசிந்து, நரம்பிலுள்ள 'ஏற்பி' என்னும் பூட்டுத் துவாரத்தில் சாவிபோல நுழைந்தால் குமட்டல்.

ஒண்டான்செட்ரான் என்ற மருந்து முந்திக்கொண்டு அந்தத் துவாரத்தை அடைத்துவிடுகிறது. குழந்தைக்கு வாந்தி என்றால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிவருகிறோமே, அதே மருந்து. பெரியவருக்கு 4 மில்லிகிராம், ஏறக்குறைய ஒரு கடுகின் எடை. சீக்கிரம் வேலை செய்து சில மணி நேரத்தில் குறைந்துவிடும் என்பதால் ஆபரேஷன் முடியும் தறுவாயில் போடுகிறார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற இன்னொரு மருந்து நிதானமான ஆள். அதைத் தொடக்கத்திலேயே, நோயாளி தூங்கிய பிறகு போடுவார்கள். விழித்திருக்கும்போது வேகமாக ஏற்றினால் இடுப்புக்குக் கீழே சுரீரென்று அரிக்கும். இந்த மருந்து எப்படிக் குமட்டலைத் தடுக்கிறது என்பது அறிவியலுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

2004இல் 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், இவை ஒவ்வொன்றும் தொல்லையை 26 சதவீதம் குறைத்தன. இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் ஒன்றன் பலனை மற்றது தின்றுவிடுவதில்லை. நூற்றில் 80 பேருக்கு வரவேண்டிய தொல்லை ஒரு மருந்தில் 60ஆகவும், இரண்டில் 45க்குக் கீழும் இறங்குகிறது.

பெரியம்மாவுக்கு இரண்டும் போட்டார்கள். வார்டுக்கு வந்தபின் லேசாகக் குமட்டியது. ஊசிக்கு முன் தோலில் தேய்க்கும் ஸ்பிரிட் பஞ்சை நர்ஸ் மூக்கருகே பிடித்து, மெல்ல மூச்சை இழுக்கச் சொன்னார். அதிலுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை முகர்ந்தால் குமட்டல் தணிவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு நிமிடத்தில் பெரியம்மாவின் முகம் தெளிந்தது. கண்ணைத் திறக்காமலே, "எலுமிச்சம்பழத்தை எங்கடி வச்சே?" என்று என்னிடம் கேட்டார்.