நாலு நிமிடமும் நாற்பத்தெட்டு நாளும்

புகையிலைச் செடியில் நிகோடின் தயாராகும் இடம் இலையல்ல, வேர். 1942-ல் ரே டாசன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒட்டுக்கட்டும் வித்தையால் இதை நிரூபித்தார். புகையிலை வேரின்மேல் தக்காளித் தண்டை ஒட்டினார். தக்காளி வேரின்மேல் புகையிலைத் தண்டை ஒட்டினார். தக்காளி இலைகளில் நிகோடின் ஏறியிருந்தது. புகையிலை இலைகளிலோ அது பேருக்குத்தான் இருந்தது. வேர் தயாரித்து அனுப்புகிறது, தண்ணீரோடு சேர்ந்து மேலே போகிறது, இலையில் சேர்கிறது.

டாசனுக்கு வெகு காலம் முன்பே இந்த வேதியியலைக் கையால் தெரிந்துவைத்திருந்தவர்கள் விவசாயிகள். திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் கடல் தாண்டிப் பேர் வாங்கியது. ஸ்பென்சர் நிறுவனம் இங்கே சுருட்டுத் தொழிற்சாலையே வைத்திருந்தது. இப்போது வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விளைவது பெரும்பாலும் வெற்றிலையோடு மெல்லும் போயிலை. உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரையும் தாங்கும் பயிர் அது. செடி மொட்டு வைக்கும் சமயத்தில் நுனியைக் கிள்ளி எறிவார்கள். பக்கத்தில் தலைகாட்டும் துளிர்களையும் விடாமல் ஒடிப்பார்கள். நுனி போனதும் அங்கிருந்து வேருக்கு வந்துகொண்டிருந்த வளர்ச்சி ஹார்மோன் நின்றுவிடுகிறது. காயம் பட்டதைச் சொல்லும் இன்னொரு ஹார்மோன் பெருகுகிறது. உடனே வேர் நிகோடினைக் கூட்டித் தயாரிக்கிறது. கிள்ளியது விவசாயியின் நகமானாலும் கம்பளிப்பூச்சியின் பல்லானாலும் காயச் சேதி வேருக்குப் போகிறது. நிகோடின் அதற்குப் பூச்சிமருந்து.

தை மாதம் அந்தப் போயிலை வயல்களில் இலை முற்றிக்கொண்டிருக்கும்போது, சாலையில் தைப்பூசத்துக்காகப் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் போகிறது. திண்டுக்கல்லிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். மாலை போட்டவர்கள் மது, மாமிசம், பீடி எல்லாவற்றையும் விலக்குவது வழக்கம்; சிலர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள்; சிலர் அதற்குக் குறைவான நாட்கள். பக்தியை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டு வேதியியலை மட்டும் பார்ப்போம். பல வருடமாகப் பீடி பிடித்த ஒருவர் திடீரென நிறுத்திவிட்டு, நாள்கணக்கில் நடக்கவும் செய்கிறார். அவர் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

பூச்சியைக் கொல்வது நமக்கு ஏன் கிறக்கம் தருகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். நம் நரம்புகள் ஒன்றோடொன்று பேச அசிட்டைல்கோலின் என்ற பொருளைப் பயன்படுத்துகின்றன. பூச்சிகளுக்கும் அதேதான். அதை வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர்: ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளை விட்டிருக்கும் அமைப்பு. அசிட்டைல்கோலின் வந்து உட்கார்ந்தால் துளை திறக்கும். நிகோடினின் உருவம் அந்த இருக்கையில் அப்படியே பொருந்துகிறது. உடம்பில் இப்படி ‘வாங்கிக்கொள்ளும்’ பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணமே நிகோடினை வைத்துச் செய்த சோதனைகளில் பிறந்ததுதான். 1905-ல் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி அதைச் சொன்னார். இன்றைய மருந்துகளில் பல ஏதாவது ஓர் ஏற்பியைக் குறிவைத்தே தயாராகின்றன. இப்படிப் பார்த்தால் நவீன மருந்தியல் போயிலைக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.

பீடிப் புகையை உள்ளே இழுத்தால் 10 முதல் 20 விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடும். கை நரம்பில் போடும் ஊசியைவிட இது வேகம். மெல்லும் போயிலை மெதுவாக ஏறும், ஆனால் நெடுநேரம் நிற்கும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அமிலத்தன்மை உள்ள வாயில் நிகோடின் மின்னேற்றம் பெற்றுவிடும். அந்த நிலையில் கன்னத்துச் சவ்வைக் கடக்க அதனால் முடியாது. காரத்தன்மை கூடினால் ஏற்றம் நீங்கி எளிதாக உள்ளே போய்விடும். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு இந்த வேலையைத்தான் செய்கிறது.

நிகோடின் சூயிங்கம் ஓடுவதும் இதே தந்திரத்தில்தான். 1967-ல் சுவீடனைச் சேர்ந்த கிளாஸ் லுண்ட்கிரென், மருந்துக் கம்பெனியில் இருந்த ஓவே ஃபெர்னோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள், உள்ளே சிகரெட் பிடிக்க வழியில்லாததால் வாயில் போடும் புகையிலைக்கு மாறிச் சமாளிக்கிறார்கள் என்பது அவர் கவனித்த விஷயம். ஃபெர்னோ கம்முக்குள் நிகோடினைக் கட்டிவைத்தார், கூடவே வாயைக் காரமாக்கும் உப்பையும் சேர்த்தார். அதனால்தான் அந்தக் கம்மை வாயில் போடுவதற்குக் கால் மணி நேரத்துக்குள் காபியோ சோடாவோ எலுமிச்சைச் சாறோ குடிக்கக் கூடாது என்கிறார்கள். அமிலம் சேர்ந்தால் நிகோடின் கன்னத்தைத் தாண்டாமல் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலைத்தான் கொண்டுவரும். கம்மை வெற்றிலை மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. நாலு முறை மென்றுவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும்.

நிகோடின் தோல் வழியாகவும் போகும். பனியில் நனைந்த பச்சைப் புகையிலையை ஒடிக்கிற கூலியாட்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவதுண்டு. ‘பச்சைப் புகையிலை நோய்’ என்று இதற்குப் பெயர். இதில் ஆர்வம் கொண்ட ஆய்வாளர்கள் மரே ஜார்விக்கும் ஜெட் ரோஸும் கலிஃபோர்னியாவில் மற்றவர்கள் மேல் சோதிக்க அனுமதி கிடைக்காமல் தங்கள் தோலிலேயே புகையிலையை வைத்துப் பார்த்தார்கள். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை பிறந்த கதை அது.

இனி விட்டவருடைய மூளைக்குள் போவோம். பழனி விஞ்ச் டிக்கெட் கவுண்டரில் ஒருவர் வந்து நின்றுகொண்டு நகர மறுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவர்களுக்கு வேலை ஆகவில்லை. நிர்வாகம் கூடுதல் கவுண்டர் திறக்கிறது. அந்த ஆள் ஒருநாள் வராமல் போகிறார். இத்தனை கவுண்டரும் திறந்திருக்க, ஆளில்லை. அசிட்டைல்கோலினைப் போல வந்த வேலை முடிந்ததும் விலகுவது நிகோடினுக்குப் பழக்கமில்லை. அது உட்கார்ந்தே இருப்பதால் ஏற்பி மரத்துப்போகிறது. மூளையோ ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவைக்கிறது. நிகோடின் நின்றதும் அத்தனை ஏற்பியும் விழித்துக்கொண்டு கேட்கிறது. ‘வாய் நமநமங்குது’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

இரத்தத்தில் நிகோடின் பாதியாகக் குறைய சுமார் 2 மணி நேரம். இரவு 10 மணிக்குக் கடைசி பீடி என்றால், காலை 6 மணிக்கு அதில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். விடிந்ததும் கைக்கு வரும் முதல் பீடியை விடுவது மற்றவற்றைவிடக் கடினமாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு. எரிச்சல், தூக்கமின்மை, மனம் ஒட்டாமை எல்லாம் முதல் நாளிலேயே ஆரம்பித்து, இரண்டு மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஏற்பிகளின் எண்ணிக்கை குறைய அதைவிட நாளாகும். யேல் பல்கலைக்கழகத்தில் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, நாலு வாரம் ஆகியும் அவை அதிகமாகவே இருந்தன. 6 முதல் 12 வாரத்தில்தான் புகைக்காதவர்களின் அளவுக்கு வந்தன.

அத்தனை வாரமும் ஒரே மாதிரி வதைக்காது. ஒவ்வொரு நமநமப்பும் அலையாக எழுந்து, பொதுவாக மூன்று நாலு நிமிடத்தில் தணியும். நடை இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிடரில் 15 மணி நேரம் புகைக்காமல் இருந்தவர்களைச் சும்மா உட்காரவைத்து சிகரெட் படங்களைக் காட்டினார்கள். மூளையில் ஆசை தொடர்பான பகுதிகள் பளிச்சென எரிந்தன. 10 நிமிடம் சைக்கிள் மிதித்துவிட்டு அதே படங்களைப் பார்த்தபோது அந்தப் பகுதிகள் அவ்வளவாக அசைந்துகொடுக்கவில்லை. வேர்த்து விறுவிறுக்க ஓடியிருக்கவும் வேண்டாம். வேகமாக நடந்தாலும் பல ஆய்வுகளில் இதே பலன். நடக்கும்போதும், நடந்து முடித்துச் சுமார் அரை மணி நேரம் வரையிலும் ஏக்கம் குறைந்தே இருக்கிறது. நாலு நிமிட அலைக்கு இது தாராளம். திண்டுக்கல் மலைக்கோட்டைப் படிகளில் பாதி ஏறுவதற்குள் அது போய்விடும்.

உடற்பயிற்சியை எல்லாவற்றுக்கும் மருந்தாக விற்பவர்களை நான் நம்புவதில்லை. 2019-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழு இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வழக்கமான ஆலோசனையோடு உடற்பயிற்சியும் செய்தவர்கள் நீண்ட நாள் கழித்து அதிகம் பேர் விட்டிருந்ததாகத் தெரியவில்லை. நடை அந்த நாலு நிமிடத்தை வாங்கித்தரும். வாரங்களைக் கடக்க வேறு துணையும் வேண்டும். லண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் கண்ட முடிவு மட்டும் கொஞ்சம் உற்சாகமானது. நிகோடின் பழகிய எலிகளில், சக்கரத்தில் ஓட விடப்பட்டவற்றுக்கு நிறுத்தியபின் அவதி குறைவு. அவற்றின் நினைவுப் பகுதியில் நிகோடின் ஏற்பிகளில் ஒரு வகை கூடியிருந்தது. நாள் முழுதும் சக்கரம் இருந்த எலிக்கும் 2 மணி நேரம் மட்டும் இருந்த எலிக்கும் பலனில் வித்தியாசம் இல்லை.

நடப்பவருக்கு உடம்பும் சீக்கிரமே கூலி தருகிறது. பீடிப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பிடிவாதமாக இரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். சும்மா இருந்தால் 4, 5 மணி நேரத்தில் அது பாதியாகும். வேகமாக மூச்சுவிட்டு நடந்தால் இன்னும் சீக்கிரம் வெளியேறும். ஒரு நாளில் ஏறக்குறையச் சுத்தம். இதயத்துடிப்பும் நிமிடத்துக்குச் சில எண்ணிக்கை இறங்கிவிடும். அதே மேடு இலகுவாகத் தெரிவது மனப்பிரமை அல்ல. போயிலை மெல்பவருக்கு இந்த மோனாக்சைடு லாபம் கிடையாது. அவருக்கு வாயும் இதயமும்தான் நன்றி சொல்லும்.

பலருக்குத் தெரியாத ஒன்று டீ சமாசாரம். பீடிப் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டி, காஃபினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் உடைக்க வைக்கின்றன. இது நிகோடினின் வேலை அல்ல, புகையின் வேலை. பீடியை நிறுத்திய சில நாட்களில் நொதி பழைய அளவுக்கு இறங்கிவிடும். அப்புறம் வழக்கமான ஆறு கிளாஸ் டீ உடம்புக்குப் பத்துப் பன்னிரண்டு மாதிரி. படபடப்பும் தூக்கமின்மையும் வந்து, ‘பீடி விட்டதால்தான் இந்தக் கஷ்டம்’ என்று பழி அதன்மேல் விழுகிறது. டீயைப் பாதியாகக் குறைத்தாலே போதும்.

பட்டை ஒட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கும் ஒரு விஷயம். உடம்பு சூடாகித் தோலில் இரத்த ஓட்டம் கூடும்போது பட்டையிலிருந்து நிகோடின் அதிகமாக ஏறும். நெடுந்தூர நடையில் குமட்டலும் தலைசுற்றலும் வந்தால் இதையும் நினைத்துப்பார்க்கலாம். இதயக் கோளாறு உள்ளவர்கள் பட்டைக்கும் நடைக்கும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். மற்றவர்கள் 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணுக்குப் பேசலாம்.

இப்போது மண்டலக் கணக்குக்கு வருவோம். 48 நாள் என்பது ஏழு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. ஏற்பிகள் சீராகும் 6 முதல் 12 வாரம் என்ற இடைவெளிக்குள் அது வந்துவிடுகிறது, ஆனால் வாசலைத்தான் தாண்டியிருக்கிறது. மாலையைக் கழற்றிய கையோடு பெட்டிக்கடைப் பக்கம் போகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். 2006-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்தர் ப்ரோடி குழு அளந்து பார்த்தது: ஒன்றிரண்டு இழுப்பே மூளையின் முக்கிய நிகோடின் ஏற்பிகளில் பாதியை மூன்று மணி நேரத்துக்கு நிரப்பிவிடுகிறது. பழனியில் தைப்பூசத்துக்கு அடுத்த பெரிய திருவிழா பங்குனி உத்திரம். இரண்டுக்கும் இடையே இரண்டு பௌர்ணமிச் சுற்று, சுமார் 59 நாள். தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் முன்பு மாலை போட்ட நாளிலிருந்து பீடியைத் தொடாமல் பங்குனி உத்திரம் வரை இழுத்துவிட்டால் மொத்தம் 107 நாள் ஆகிறது; 12 வாரம் 84 நாளிலேயே முடிந்துவிடும்.