கடை திறக்கும் முன்னே உரிமம்

கோட்டயத்திலிருந்து குமுளிக்குப் போகும் மலைப்பாதையில், பெரியாற்றங்கரையில் இருக்கிறது வண்டிப்பெரியார். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு இதுதான் கடைத்தெரு. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பீருமேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கொழுந்து பறித்துப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு டீக்கடையும் காய்கறிக்கடையும் மாவு மில்லும் மாற்றுப் பிழைப்பாயின. நகையை அடகு வைத்து முதல் போடுகிறவர்கள், உரிமத்தை மட்டும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் 1994-இல் வந்தது. அதன் 232-ஆம் பிரிவின்படி, அறிவிக்கப்பட்ட தொழில்களைப் பஞ்சாயத்துச் செயலாளர் தரும் உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. மீறினால் அபராதம் உண்டு. அதன் பிறகும் தொடர்ந்தால் நாள் கணக்கில் அபராதம் ஏறும். கடையையும் மூடச் சொல்வார்கள். சிறு கடைக்காரருக்கு அபராதத்தைவிட, பூட்டிய கடைக்குள் அழுகும் சரக்குதான் பெரிய நஷ்டம்.

பணம் கட்டிய ரசீதையே உரிமம் என்று நினைத்துச் சுவரில் மாட்டி வைப்பவர்கள் உண்டு. கட்டணத்தைப் பெற்றுக்கொண்டதாலேயே உரிமம் கொடுத்ததாக ஆகாது. ஆனால் 236-ஆம் பிரிவில் நமக்குச் சாதகமான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. விண்ணப்பித்து 30 நாளுக்குள் எந்த உத்தரவும் வராவிட்டால் உரிமம் கிடைத்ததாகவே கருதப்படும். புதுப்பிக்க விண்ணப்பித்தவர், பதில் வரும் வரை புதுப்பித்தவரைப் போலவே தொழில் நடத்தலாம். இரண்டுக்கும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு கையில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் எதுவும் நிற்காது.

சாப்பாட்டுக் கடையென்றால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. மிகச் சிறிய கடைக்குப் பதிவு போதும், மற்றவற்றுக்கு உரிமம் தேவை. உரிமமின்றி நடத்தினால் 6 மாதம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றிருந்தது. 2023-இல் கொண்டுவந்த திருத்தம் சிறையை நீக்கி, தண்டத்தொகையை 10 லட்சம் வரை உயர்த்தியது. ஏலக்காய் வாங்கி விற்பது தனி விவகாரம். 1987-ஆம் ஆண்டு விதிகளின்படி வியாபாரிக்கு நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் வேண்டும். போடியிலிருந்து வந்து வாங்குபவருக்கும் இதே விதிதான்.

மலையாளத்தில் வந்த நோட்டீஸைப் படிக்கத் தெரியாமல் மடித்து வைத்துவிட்டு, கெடு தாண்டிய பிறகு ஆள் தேடுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் வழி செய்திருக்கிறது. செயலாளர் உரிமம் மறுத்தால் முதலில் பஞ்சாயத்துக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தீராவிட்டால் திருவனந்தபுரத்தில் உள்ளாட்சி நிறுவனங்களுக்கான தீர்ப்பாயம் இருக்கிறது.