கடுகுக்குள் கதிரவன்

கதிரவனின் மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாகின்றன. அப்போது குறையும் மிகச்சிறு நிறையே ஆற்றலாக மாறி, புவிக்கு ஒளியாகவும் வெப்பமாகவும் வந்து சேர்கிறது. இவ்வினைக்கு அணுக்கரு இணைவு என்று பெயர். இதனைப் புவியில் நிகழ்த்துவது எளிதன்று. அணுக்கருக்கள் யாவும் நேர்மின்னூட்டம் கொண்டவை. நெருங்க நெருங்க ஒன்றையொன்று விலக்கித் தள்ளுபவை. அவ்விலக்கத்தை வெல்லக் கோடிக்கணக்கான டிகிரி வெப்பநிலை தேவை. அவ்வளவு சூடேறிய பொருளோ கணமும் ஓரிடத்தில் நில்லாமல் சிதறிவிடும். கதிரவன் தன் பேரெடையின் ஈர்ப்பால் அதனைப் பிடித்து வைத்திருக்கிறது.

புவியில் அதற்கு வேறு வழிகளைத் தேடவேண்டியிருந்தது. காந்தப்புலத்தால் கட்டிவைப்பது ஒரு வழி. மற்றொன்று துணிச்சலானது, எரிபொருள் சிதறுவதற்குள் அதனை எரித்துவிட முயல்வது. அதற்கு எரிபொருளை மிக நெருக்கமாக அழுத்தவேண்டும். அடர்த்தி இருமடங்கானால், ஒரே கனஅளவில் நிகழும் இணைவுகள் நான்கு மடங்காகும். ஆனால், அத்தகைய அழுத்தத்தைத் தரும் இயந்திரம் எதுவும் இல்லை. கதிர்வீச்சே அப்பணிக்கு உரியது என்பது அறிவியலாளர்களுக்குப் புலப்பட்டது.

அழிவில் பிறந்த கருத்து

இக்கருத்தின் தொடக்கம் மகிழ்ச்சிக்குரியதன்று. 1951ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டானிஸ்லாவ் உலாம், எட்வர்டு டெல்லர் ஆகிய இருவரும் ஹைட்ரஜன் குண்டுக்காகவே இதனை வகுத்தனர். 1952 நவம்பர் 1 அன்று பசிபிக் பெருங்கடலின் எனிவெடோக் பவளத்தீவுக் கூட்டத்தில் அது வெடித்துச் சோதிக்கப்பட்டது. எலுகெலாப் என்னும் சிறுதீவு அன்றே இல்லாமற்போனது.

1960இல் லேசர் உருவாக்கப்பட்டதும், குண்டின்றியே மிகச்சிறிய அளவில் இணைவை நிகழ்த்த இயலும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஜான் நக்கோல்ஸ் தம் உடன் ஆய்வாளர்களோடு 1972இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, லேசரால் எரிபொருளை அழுத்தும் முறையை உலகறியச் செய்தது.

பொற்சூளை

கலிஃபோர்னியாவின் லிவர்மோர் நகரில் உள்ள தேசிய எரியூட்டு நிலையம் 2009இல் கட்டிமுடிக்கப்பட்டது. அங்கு எரிபொருளைத் தாங்குவது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள, கடுகளவு உருண்டை. அதன் ஓடு செயற்கை வைரத்தால் ஆனது. ஓட்டின் உட்புறத்தில் டியூட்டிரியம், டிரிட்டியம் என்னும் ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் பனிப்படலமாக உறைந்திருக்கும். கோடிக்கணக்கான டிகிரியை எட்டவேண்டிய எரிபொருள், சுழியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 255 டிகிரி செல்சியஸ் குளிரிலிருந்து தன் பயணத்தைத் தொடங்குகிறது.

இவ்வுருண்டை, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள உருளை ஒன்றின் நடுவில் வைக்கப்படுகிறது. உருளையின் உட்சுவர் பொன்னாலானது. இருமுனைகளிலும் துளைகள் உண்டு. 192 லேசர் கற்றைகள் அத்துளைகளின் வழியே நுழைகின்றன. அவை உருண்டையைத் தாக்குவதில்லை, சுவரையே தாக்குகின்றன. சுவர் 30 இலட்சம் டிகிரி அளவுக்குச் சூடேறி எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. சூளையில் அடுக்கிய மட்கலத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் அனல் சூழ்வதுபோல, உருண்டையை எக்ஸ் கதிர்கள் சூழ்ந்துகொள்கின்றன. இவ்வாறு சுற்றிவளைத்துச் செல்வதில் ஆற்றலின் பெரும்பகுதி வீணாகிறது. எனினும், அனல் எப்பக்கமும் ஒன்றுபோல் விழுவதற்காக அவ்விழப்பு ஏற்கப்படுகிறது.

கதிர்கள் நேரே தள்ளி உருண்டையை நசுக்குகின்றன என்று கருதிவிடக்கூடாது. ஒளிக்கும் அழுத்தம் உண்டு. ஆயினும் இங்கு அதன் பங்கு மிகச்சிறிது. எக்ஸ் கதிர்களால் ஓட்டின் மேற்பரப்பு ஆவியாகி வெளிநோக்கிப் பீறிடுகிறது. அதன் எதிர்விசையால் எஞ்சிய ஓடும் எரிபொருளும் உள்நோக்கிப் பாய்கின்றன. வளியைக் கீழே உமிழ்ந்து வாணம் மேலெழுவதும் இந்நியூட்டன் விதியாலேயே. உள்நோக்கிய அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர்.

பாய்ந்துவந்த பொருள் மையத்தில் மோதி நிற்கும்போது அவ்வேகம் வெப்பமாகிறது. நடுவில் 10 கோடி டிகிரியை ஒட்டிய ஒரு சூட்டுப்புள்ளி தோன்றி, அங்கு இணைவு தொடங்குகிறது. டியூட்டிரியமும் டிரிட்டியமும் இணைய, ஒரு ஹீலியம் அணுக்கருவும் ஒரு நியூட்ரானும் பிறக்கின்றன. நியூட்ரான் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஹீலியம் அணுக்கருவோ சுற்றியுள்ள அடர்ந்த எரிபொருளில் சிக்கித் தன் ஆற்றலை அங்கேயே இறக்கிவைக்கும். அதனால் அடுத்த அடுக்கும் சூடேறி இணையும். தீக்குச்சியிலிருந்து விறகுக்குத் தீ தாவுவதற்கு ஒப்பான இந்நிலையே எரியூட்டல்.

பிதுங்கும் களிமண்

ஈரக் களிமண்ணைக் கைக்குள் வைத்து இறுக்கினால் அது விரலிடுக்குகளில் பிதுங்கிவிடும். எரிபொருள் உருண்டைக்கும் அதே இடர் உண்டு. ஓட்டில் நுண்ணிய குழி ஒன்று இருந்தாலும், ஒருபக்க அனல் சிறிது மிகுந்தாலும் போதும். சுருங்கச் சுருங்க அக்குறை பெரிதாகி உருண்டையின் வடிவம் சிதையும். எரிபொருளை நிரப்பும் மயிரினும் மெல்லிய குழாய்கூட இதற்குக் காரணமாகியுள்ளது. 2012க்குள் எரியூட்டலை எட்டுவது என்ற இலக்கு நிறைவேறாமற்போனதற்கு இத்தகைய சீர்கேடுகள் முதன்மையான காரணங்கள். அதன்பின் பத்தாண்டுகள் ஓட்டை மெருகேற்றுவதிலும் லேசர் துடிப்பைத் திருத்துவதிலும் கழிந்தன. வெளியுலகின் கண்ணுக்குப் படாத அவ்வுழைப்பே வெற்றிக்கு வழிவகுத்தது.

வரவும் செலவும்

2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் உருளைக்குள் செலுத்தப்பட்டது, இணைவிலிருந்து 3.15 மெகாஜூல் வெளிப்பட்டது. ஆய்வகம் ஒன்றில் செலுத்திய லேசர் ஆற்றலைவிட மிகுதியாக இணைவாற்றல் கிடைத்தது அதுவே முதன்முறை. அதன் அளவையும் அறிந்துகொள்ளுதல் நலம். ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்கவைக்க அவ்வாற்றல் போதும். அந்த லேசர்களை இயக்க மின்வலையிலிருந்து பெற்றதோ ஏறத்தாழ 300 மெகாஜூல். மேலும், புதிய வெடிப்புச் சோதனையின்றி அமெரிக்க அணு ஆயுதங்களின் நிலையைக் கணிப்பதற்கான ஆய்வே இந்நிலையத்தின் முதன்மைப் பணி. மின்னாக்கத்திற்காக இது கட்டப்படவில்லை.

மின்னாக்கத்திற்கு நொடிக்குப் பல உருண்டைகள் வெடித்தாகவேண்டும். வெடித்த உருளையின் சிதறல் அகன்று, அடுத்த உருண்டை அறையின் நடுவே வந்து சேரவேண்டும். கற்றைகள் அதனைத் துல்லியமாகக் குறிவைக்கவேண்டும். வைர ஓடு ஒவ்வொன்றும் இன்று பெரும்பொருட்செலவில், நெடிய உழைப்பில் உருவாகிறது. டிரிட்டியமோ இயற்கையில் மிக அரிது. 12 ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பாதியாகச் சிதைந்துவிடுவது. வெளியேறும் நியூட்ரான்களை லித்தியத்தில் மோதவிட்டே அதனை உருவாக்கிக்கொள்ளவேண்டும்.