ஏழு வரை எண்ணத் தெரியுமா?

பாட்டு கேட்கும்போது, உங்கள் கால் தானாகவே தாளம் போடுகிறதா? பெரும்பாலான சினிமா பாட்டுகளுக்கு, 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று திரும்பத் திரும்ப எண்ணினால் போதும். தாளம் சரியாக வந்து விடும்.

ஆனால், அப்படி எண்ணினால் காலை வாரி விடும் பாட்டு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிங்க் ஃபிளாய்ட் குழுவினர், 1973ல் வெளியிட்ட, 'மனி' என்ற பாட்டு தான் அது. மனி என்றால், பணம்! ராக் இசையில், புதுப்புது தாளங்களையும், ஒலிகளையும் சேர்க்கும் இந்த வகைக்கு, 'புரோகிரசிவ் ராக்' என்று பெயர்.

பாட்டின் ஆரம்பத்தில் குரலே கேட்காது. காசுகள் குலுங்கும், காகிதம் கிழியும், கல்லாப்பெட்டி, 'டிங்' என்று திறக்கும்!

இதை எப்படிச் செய்தனர் தெரியுமா?

அப்போது, ஒலிகளைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன், பழைய காசுகளில் துளையிட்டு, நூலில் கோர்த்துக் குலுக்கினார். ரோஜர் வாட்டர்ஸ், ஒரு கிண்ணத்தில் காசுகளைச் சுழல விட்டார். இப்படி ஏழு ஒலிகளை நாடாவில் பதிந்து, ஸ்கேலால் அளந்து, ஒரே நீளத்தில் வெட்டி, வளையமாக ஒட்டினர். வளையம் சுற்றச் சுற்ற, ஏழும் வரிசையாக ஒலிக்கும். ஒரு துண்டு சற்று நீண்டாலும், தாளம் தப்பி விடும்!

ஏன் ஏழு? பாட்டின் தாளமே ஏழு தான். நம் கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளத்தில், 'தகிட தகதிமி' என்று எண்ணுவோமே... அதே ஏழு!

வாட்டர்ஸ் வாசிக்கும் பேஸ் கிடார், ஏழில் நடை போடும். டிக் பாரி வாசிக்கும் சாக்சபோனும், ஏழில் தான். அடுத்து, டேவிட் கில்மோரின் கிடார் முறை. சட்டென்று தாளம் நான்குக்கு மாறும். சந்துக்குள் நடந்தவர், மைதானத்தில் ஓடுவது போல, கிடார் பாயும். பின், குரல் வரும்போது, மீண்டும் ஏழு! ஒருவர் தடுமாறினாலும், எல்லாரும் தடுமாற வேண்டியது தான்; ஆனால், யாருமே தடுமாறுவதில்லை. வேகமாக வாசிப்பது மட்டும் திறமையல்ல. அடுத்தவர் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்பதும் திறமை தான்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். நீங்கள் ஏழு ஏழாகவும், நண்பர் நான்கு நான்காகவும் எண்ணி, ஒரே வேகத்தில் கை தட்டுங்கள். 'ஒன்று' என்பதை இருவரும் சேர்ந்து சொல்லித் துவங்குங்கள். மீண்டும் சேர்ந்து சொல்வது, 28 தட்டுகள் முடிந்து, 29வது தட்டில் தான்!

அதுவரை தாளம் தப்பாமல் இருந்தால்... நீங்களும் இசைக்கலைஞர் தான்!