வாதம் அடித்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்



பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்த ஓர் அம்மா தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கிறார். கோப்பை கையில் நிற்கவில்லை, நழுவி விழுகிறது. என்ன என்று கேட்ட மருமகளுக்குப் பதில் சொல்லப் பார்க்கிறார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்கிறது. பேச்சு குழறுகிறது. மருமகள் பதறிப்போய் பக்கத்துக் காம்பிராவுக்கு ஓடுகிறாள்.

"பெரியம்மா, எங்க அத்தைக்கு என்னமோ ஆயிருச்சி. கைய தூக்க முடியல. ஒருக்கா வந்து பாருங்க."

"காத்து கருப்பு அடிச்சிருக்கும் புள்ள. எண்ணெய சூடாக்கி நல்லா தேச்சி படுக்கப் போடு. கொஞ்சம் சாயத் தண்ணி குடிக்கக் குடு. விடிஞ்சதும் டிஸ்பென்சரிக்கு கொண்டு போவோம்."

இது ஒரு குறிப்பிட்ட தோட்டத்தில் நடந்த கதையல்ல. எந்த லயத்திலும் எந்த நாளிலும் நடக்கக்கூடியது. அந்தப் பெரியம்மா நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் "விடிஞ்சதும்" என்ற அந்த ஒரு சொல் அந்த அம்மாவின் கையையும் பேச்சையும், சில வேளை உயிரையும் கொண்டுபோய்விடலாம். ஏன் என்பதை இங்கே பார்ப்போம்.

மூளையில் நடப்பது என்ன?

இந்த வருத்தத்தை நாம் வாதம் என்றும் பக்கவாதம் என்றும் சொல்கிறோம். ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்பார்கள். கை கால் விழுந்துபோவதால் இது கை காலில் வந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நோய் இருப்பது மூளையில். உலக சுகாதார நிறுவனம் முன்பு இதை இரத்தச் சுற்றோட்ட நோய்களோடு சேர்த்து வைத்திருந்தது. 2018இல் வெளியிட்ட புதிய நோய்ப் பட்டியலில் நரம்பு மண்டல நோய்களின் பகுதிக்கு மாற்றியது. 2024இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்றின்படி, 2021ஆம் ஆண்டில் உலகில் சுமார் 340 கோடிப் பேருக்கு ஏதோவொரு நரம்பு மண்டல நோய் இருந்தது. தலைவலி, வலிப்பு, மறதி நோய் என்று அந்தப் பட்டியல் நீளமானது. அவற்றுள் மனிதரின் நல்ல வாழ்நாளை மிக அதிகமாகப் பறிப்பது பாரிசவாதமே.

லயத்துக்கு வரும் தண்ணிக் குழாயை நினைத்துப் பாருங்கள். குழாயில் சேறு அடைத்தாலும் தண்ணி வராது. குழாய் வெடித்தாலும் வராது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் அப்படித்தான். இரத்தக் கட்டி அடைத்து வருவது ஒரு வகை. பெரும்பாலானோருக்கு வருவது இதுதான். குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது மற்ற வகை. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எது என்று சொல்ல சி.ரி. ஸ்கான் எடுக்க வேண்டும். ஆகவே வீட்டில் இருக்கும் அஸ்பிரின் குளிசையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடைப்புக்கு உதவும் அதே குளிசை, கசிவுக்குக் கேடாக முடியும்.

ஒரு நிமிடத்தின் விலை

அமெரிக்க நரம்பியல் வைத்தியர் ஜெஃப்ரி சேவர் 2006இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பெரிய குழாய் ஒன்று அடைத்து, வைத்தியம் இல்லாமல் கிடந்தால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் சராசரியாக 19 இலட்சம் மூளை உயிரணுக்கள் செத்துப்போகின்றன. செத்த உயிரணு திரும்ப முளைக்காது. எண்ணெய் தேய்க்கும் நேரம், வேனுக்கு ஆள் அனுப்பும் நேரம் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

முன்பெல்லாம் வாதம் வந்தால் வைத்தியர்களாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தது. அந்த நிலை 1995இல் மாறியது. அமெரிக்காவில் 624 நோயாளரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அடைப்பு வாதம் வந்து 3 மணித்தியாலத்துக்குள் பாதிப் பேருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து ஏற்றினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஊனம் இல்லாமலோ மிகக் கொஞ்ச ஊனத்தோடோ எழுந்து நடமாடும் வாய்ப்பு மருந்து பெற்றவர்களுக்கு நூற்றுக்கு 30 பங்காவது கூடுதலாக இருந்தது. 2008இல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு, நாலரை மணித்தியாலம் வரை இந்த ஊசி பயன் தரும் என்று காட்டியது. ஆனால் முந்திக் கொடுத்தால்தான் பலன் அதிகம்.

2015இல் இன்னொரு முன்னேற்றம். தொடைப் பக்கத்து இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி, கட்டியைப் பிடித்து வெளியே இழுக்கும் சிகிச்சை பலன் தருகிறது என்று ஐந்து ஆய்வுகள் ஒரே ஆண்டில் உறுதிப்படுத்தின. ஸ்கானில் மூளையின் நிலையைப் பார்த்துத் தெரிவு செய்த சிலருக்கு 24 மணித்தியாலம் வரை இது உதவும் என்று 2018இல் தெரியவந்தது. ஆனால் இதைப் பெரிய நிலையங்கள் சிலவற்றில்தான் செய்ய முடியும். எல்லா நோயாளருக்கும் பொருந்தவும் மாட்டாது. "ஒரு நாள் வரைக்கும் டைம் இருக்குதானே" என்று யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்பதுதான். மணி தெரியாவிட்டால் ஊசி போடலாமா கூடாதா என்று முடிவெடுப்பது கஷ்டம். ஆகவே கண்டவுடன் மணியைப் பாருங்கள். தூங்கி எழும்பும்போதே கை விழுந்திருந்தால், கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாக இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1998இல் இங்கிலாந்தில் அம்புலன்ஸ் ஊழியர்களுக்காக ஒரு சுலபமான சோதனை தயாரிக்கப்பட்டது. இன்று உலகம் முழுவதும் பாவிக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூடச் செய்யலாம்.

முகம்: சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா?
கை: இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று கீழே இறங்குகிறதா?
பேச்சு: பேரைச் சொல்லச் சொல்லுங்கள். குழறுகிறதா?
மணி: மூன்றில் ஒன்று இருந்தாலும் மணியைக் குறித்துக்கொண்டு உடனே புறப்படுங்கள்.

திடீரென்று ஒரு கண் தெரியாமல் போவது, நடை தள்ளாடுவது, முன்பு வந்திராத கடும் தலையிடி வருவது, இவையும் அறிகுறிகளே.

சிலருக்குக் கை விழுந்து, பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். "ஒன்னுமில்ல, இப்ப நல்லாயிருக்கு" என்று அடுத்த நாள் மலைக்குப் போய்விடுவார்கள். இதுதான் மிகவும் ஏமாற்றும் இடம். 2007இல் வெளியான ஒக்ஸ்போர்ட் ஆய்வொன்றைப் பாருங்கள். இப்படிச் சிறிதாக வந்து போனவர்களுக்கும் இலேசான வாதம் வந்தவர்களுக்கும் வைத்தியம் தாமதமாகியபோது, 90 நாளுக்குள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத் திரும்பவும் வாதம் வந்தது. உடனுக்குடன் வைத்தியம் தொடங்கியபின் அது நூற்றுக்கு இரண்டு பேராகக் குறைந்தது. ஆகவே கை திரும்ப வந்துவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரஷர் குளிசையும் நாட்சம்பளமும்

32 நாடுகளில் சுமார் 27,000 பேரை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, பாரிசவாதத்தில் பத்தில் ஒன்பது பங்கு நம்மால் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களோடு சம்பந்தப்பட்டது என்று சொல்கிறது. அவற்றில் முதலாவது உயர் இரத்த அழுத்தம், அதாவது பிரஷர். புகைத்தல், சீனி வருத்தம், மிதமிஞ்சிய சாராயம் ஆகியனவும் அதில் அடங்கும்.

பிரஷர் வலிக்காது. "தல சுத்தல, எனக்கு பிரஷர் இல்ல" என்று குளிசையை நிறுத்திவிடுகிறோம். பக்கத்து வீட்டு அக்காவின் குளிசையை வாங்கிப் போடுகிறோம். இரண்டும் தவறு. கிளினிக் நாளில் வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும் என்ற கஷ்டம் உண்மைதான். ஆனால் குடும்பத்தில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் அவருடைய பேரும், அவரைப் பார்த்துக்கொள்பவரின் பேரும் சேர்ந்து பல மாதத்துக்குப் போகும். கிளினிக் திகதியை முன்கூட்டியே வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லி வையுங்கள். வர முடியாத நாளில், கிளினிக் கொப்பியோடு வீட்டார் ஒருவர் வந்து குளிசை எடுக்கலாமா என்று கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நமது நாடும் சேர்ந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலும் 30 கிராமப்புறங்களில் பிரஷர் உள்ள 2,645 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். பாதி இடங்களில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் அளந்து, புத்தி சொல்லி, கூடியவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் அவ்விடங்களில் பிரஷரின் மேல் எண்ணிக்கை மற்ற இடங்களைவிட 5 அளவு கூடுதலாக இறங்கியது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. தேடி வந்து கேட்க ஓர் ஆள்தான் தேவைப்பட்டார். தோட்டத்துச் சங்கங்களும் மாதர் குழுக்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேர் சேர்ந்த ஆய்வு 2021இல் வெளியானது. வழக்கமான உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றிச் சமைத்தவர்களுக்குப் பாரிசவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு அந்த உப்பு ஆபத்து. வைத்தியரைக் கேளாமல் மாற்ற வேண்டாம். ஆனால் கருவாட்டையும் ஊறுகாயையும் குறைப்பதற்கும், ரொட்டி மாவிலும் சம்பலிலும் ஒரு சிட்டிகை உப்பைக் கழிப்பதற்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

விழுந்த கை எழும்புமா?

பலருக்கு எழும்பும், ஆனால் பயிற்சி வேண்டும். 2006இல் அமெரிக்காவில் வாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினருக்கு நல்ல கையில் உறை மாட்டிவிட்டு, இரண்டு கிழமைக்கு விழுந்த கையாலேயே வேலை செய்யப் பழக்கினார்கள். கை கொஞ்சமாவது அசையக்கூடியவர்களுக்கு நல்ல முன்னேற்றம் வந்தது. அது ஒரு வருடத்துக்குப் பிறகும் நிலைத்தது. இதை நாமாகச் செய்யக் கூடாது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி வைத்தியம் செய்பவரிடம் கேட்டு, அவர் காட்டிக் கொடுத்தபடி தினமும் செய்ய வேண்டும். "இனி அவ்வளவுதான்" என்று மூலையில் படுக்கப் போட்டுவிடாதீர்கள்.

இன்றைக்கே பேசி வையுங்கள்

1. 1990 என்ற எண்ணுக்கு எடுத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் வரும். காசு இல்லை. இந்தச் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு எல்லா மாகாணங்களுக்கும் வந்தது. தோட்டம், பிரிவு, பக்கத்து ரோட்டின் பெயர் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.
2. லயத்தடிக்கு வாகனம் வராவிட்டால், ரோட்டு வரை கம்பளியில் தூக்கிப் போக யார் யார் வருவார்கள் என்று முன்பே பேசி வையுங்கள். சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கும் என்றும் பார்த்து வையுங்கள்.
3. எந்த ஆஸ்பத்திரியில் ஸ்கான் உண்டு என்று தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.
4. நோயாளிக்குத் தண்ணியோ சாப்பாடோ குளிசையோ கொடுக்க வேண்டாம். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். மயக்கமாக இருந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.
5. கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கூடவே எடுத்துப் போங்கள்.
6. நேரம் கடந்துவிட்டாலும் போங்கள். கவனிப்பு அப்போதும் உயிரைக் காக்கும்.

திரும்பவும் அந்த மருமகளிடம் வருவோம். அடுத்த முறை அவள் ஓடி வரும்போது பக்கத்துக் காம்பிராப் பெரியம்மா சொல்ல வேண்டியது இதுதான்: "மணி என்னா புள்ள? அஞ்சே கால். மறந்துறாத. எண்ணெய வச்சிட்டு போன எடு."