தற்செயலை நம்பும் கணிதம்

300 இலக்க எண் ஒன்று பகா எண்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துப் பார்ப்பது பள்ளிக்கூடத்து வழி. அப்படிப் போனால், உலகின் கணினிகள் எல்லாம் சேர்ந்து உழைத்தாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது. ஆனால் ஆர்எஸ்ஏ என்னும் ரகசியக் குறியீட்டு முறைக்கு இத்தனை பெரிய பகா எண்கள் தேவை. சாதாரண மடிக்கணினியே அவற்றைச் சட்டென்று தேடித் தந்துவிடுகிறது.

கைகொடுப்பது தற்செயல். கேரி மில்லர் 1976இல் வகுத்த சோதனையை மைக்கேல் ராபின் 1980இல் தற்செயல் முறையாக மாற்றினார். சோதிக்க வேண்டிய எண்ணைவிடச் சிறிய எண் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, அதை வைத்து ஒரு கணக்குப் போட வேண்டும். பகா எண் என்றால் எப்போதும் தேறிவிடும். பகா எண் இல்லையென்றால், சிறிய எண்களில் குறைந்தது முக்கால் பங்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை ஏமாற வாய்ப்பு அதிகபட்சம் நான்கில் ஒன்று. 20 முறை சோதித்தால், அது லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழே போய்விடும்.

தற்செயல் இல்லாமலே இதை வேகமாகச் செய்ய முடியுமா? முடியும் என்று 2002இல் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் நிரூபித்தார்கள். அவர்களுடைய ஏகேஎஸ் சோதனையில் பிழைக்கு இடமே இல்லை.

எல்லாக் கணக்குகளுக்கும் இது பொருந்துமா? தற்செயலின் துணையோடு வேகமாகத் தீரும் கணக்குகளின் தொகுதி 'பிபிபி'. துணையின்றியே வேகமாகத் தீருபவை 'பி'. இரண்டும் ஒன்றா என்பது இன்னும் விடை தெரியாத கேள்வி. சிக்கலான இரண்டு இயற்கணிதக் கோவைகள் சமமா என்பதை, மாறிகளுக்குத் தற்செயலாக எண்களைப் போட்டு எளிதில் சோதிக்கலாம். தற்செயலை விலக்கிய வேகமான வழி எதுவும் பொதுவாக இதற்குக் கிடைக்கவில்லை.

ரஸ்ஸல் இம்பலியாட்ஸோவும் அவி விக்டர்சனும் 1997இல் வியப்பான முடிவு ஒன்றைத் தந்தார்கள். சில குறிப்பிட்ட கணக்குகள் மெய்யாகவே மிகக் கடினமானவை என்றால், அந்தக் கடினத்தைக் கொண்டே தற்செயல் போலத் தோன்றும் எண்களை உண்டாக்கலாம். உண்மையான தற்செயலுக்குத் தேவையே இராது. அதாவது, அப்படியானால் பியும் பிபிபியும் ஒன்றுதான். தற்செயல் பற்றிய இத்தகைய ஆய்வுகளுக்காக விக்டர்சனுக்கு 2023ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

பெரும்பாலான ஆய்வாளர்கள் இரண்டும் ஒன்றே என்று நம்புகிறார்கள். நடைமுறையின் கணக்கு வேறு. ஏகேஎஸ் சோதனை துல்லியமானது, ஆனால் மெதுவானது. அதனால் ரகசியக் குறியீட்டு மென்பொருள்கள் இன்றும் மில்லர்-ராபின் வகைச் சோதனைகளையே நாடுகின்றன.