ஓய்வூதியத்துக்கு 30, நிர்வாகத்துக்கு 75: களத்தில் நீடிக்கும் வீரருக்கு எந்த வயது?

பெங்களூரு: விளையாட்டுச் சங்க நிர்வாகிகள் எந்த வயது வரை பதவியில் இருக்கலாம் என்ற கேள்விக்கு நாடாளுமன்றம் 2025-ஆம் ஆண்டு விடை கண்டது. தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதுவரை நிர்வாகிகளுக்கு 70 வயது உச்சவரம்பாக இருந்தது. சர்வதேசக் கூட்டமைப்பின் விதிகள் இடம் தருமானால் 75 வயது வரை உள்ளவர்களும் தேர்தலில் நிற்கலாம் என்று புதிய சட்டம் அதைத் தளர்த்தியது.

விளையாடுபவர் எவ்வளவு காலம் களத்தில் நிற்கலாம் என்பது அச்சட்டத்தின் பொருள் அன்று. ஆனால் அதற்கு மறைமுகமான விடை ஒன்று மத்திய அரசின் வேறொரு திட்டத்தில் உள்ளது. சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் 1994-இல் தொடங்கப்பட்டது. ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் போட்டிகளிலோ உலக சாம்பியன் போட்டியிலோ பதக்கம் வென்றவர், 30 வயது நிறைந்து, ஆட்டத்திலிருந்து ஓய்வும் பெற்றிருந்தால் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். 2018-இல் உயர்த்தப்பட்டபோது இத்தொகை ரூ.12 ஆயிரம் முதல் ரூ.20 ஆயிரம் வரை என நிர்ணயிக்கப்பட்டது.

நிர்வாகி 70-ஐத் தாண்டியும் பதவிக்கு வரலாம். வீரரோ 30-இல் ஓய்வூதியராகலாம். இவ்விரு எண்களும் வகுத்த காலத்தில், வீரர்களின் உடல் வேறு கணக்கைக் காட்டத் தொடங்கிவிட்டது. அதற்கு நாட்டிலேயே தெளிவான சான்று பெங்களூருவில் இருக்கிறது.

43 வயதில் முதலிடம்

1980-இல் பெங்களூருவில் பிறந்து, குடகில் வளர்ந்த டென்னிஸ் வீரர் ரோஹன் போபண்ணா, 2024 ஜனவரி 27-ஆம் தேதி மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் ஆடவர் இரட்டையர் பட்டத்தை வென்றார். ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனுடன் இணைந்து, இத்தாலியின் போலெல்லி, வாவசோரி இணையை 7-6, 7-5 என்ற செட்களில் அவர் வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 43. தொழில்முறை வீரர்களுக்குக் கதவு திறந்த 1968-க்குப் பிறகு, இத்தனை வயதில் எவரும் கிராண்ட் ஸ்லாம் ஆடவர் இரட்டையர் பட்டம் வென்றதில்லை. இரு நாள்கள் கழித்து வெளியான தரவரிசையில், இரட்டையர் பிரிவில் முதன்முறையாக முதலிடம் பிடித்தவர்களில் மிக மூத்தவர் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது.

அந்தப் பட்டம் எளிதில் வந்ததன்று. 2010-இல் பாகிஸ்தானின் ஐசாம் குரேஷியுடன் அமெரிக்க ஓபன் இறுதிக்குச் சென்று தோற்றவர் அவர். 2017-இல் பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் பட்டம் கிடைத்தது. ஆனால் ஆடவர் இரட்டையர் பட்டத்துக்கு அவர் 60 முறை முயன்று தோற்று, 61-ஆவது முயற்சியில்தான் வென்றார்.

இடையில் முழங்கால் மூட்டுகளின் குருத்தெலும்பு தேய்ந்துபோனது. கொரோனா பொதுமுடக்கக் காலத்தில் பெங்களூருவில் இருந்தபோது ஐயங்கார் யோகா பயிற்சியைத் தொடங்கியதாகவும், வலிநிவாரணி மாத்திரைகளிலிருந்து விடுபட அதுவே உதவியதாகவும் அவர் பல பேட்டிகளில் தெரிவித்துள்ளார். கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் பெல்லூரில் பிறந்த பி.கே.எஸ். ஐயங்கார் வகுத்த முறை அது. 2021-இன் தொடக்கத்தில் தொடர் தோல்விகளால் ஆட்டத்தைக் கைவிடவும் அவர் எண்ணியதுண்டு. அவ்வாறு செய்திருந்தால், 41 வயதில் ஓய்வு பெற்ற ஒருவர் என்ற அளவோடு அவரது பெயர் நின்றிருக்கும்.

2024 மார்ச் மாதம் 44 வயதில் மயாமி ஓபன் பட்டத்தையும் வென்ற போபண்ணா, அதே ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் கோவை வீரர் ஸ்ரீராம் பாலாஜியுடன் முதல் சுற்றில் தோற்றதும் இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். 2025 நவம்பரில் தொழில்முறை ஆட்டத்திலிருந்தும் ஓய்வை அறிவித்தார்.

உடல் எதை இழக்கிறது?

30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைவதாக மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. எனினும், எல்லாத் திறனும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. பாய்ச்சலும் துள்ளலும் முதலில் தளர்கின்றன. வலிமையும் தாங்குதிறனும் பயிற்சி தொடரும் வரை மெதுவாகவே இறங்குகின்றன. எதிராளியின் அடுத்த நகர்வை முன்கூட்டியே உணரும் அனுபவம் வயதோடு கூடவும் செய்கிறது. மூத்த வீரரை உண்மையில் வருத்துவது, ஆட்டத்துக்குப் பின் உடல் மீள ஆகும் காலம் நீள்வதுதான்.

எனவே எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்தே வயதும் அமைகிறது. இரட்டையர் டென்னிஸில் பாதிக் களத்தைக் காத்தால் போதும். 2006 முதல் பெரும்பாலான போட்டிகளில் மூன்றாவது செட்டுக்குப் பதிலாகக் குறுகிய டைபிரேக்கர் ஆடப்படுகிறது. இதனால் மூத்த வீரர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. 2020 பிப்ரவரியில் பெங்களூரு ஓபன் இரட்டையர் இறுதிப் போட்டியில் 46 வயது லியாண்டர் பயஸ் ஆடினார். அன்றைய அவரது இணையும் இதே மேத்யூ எப்டன்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

ஓட்டமே உயிரான கால்பந்தில் இது மிக அரிது. ஆயினும் பெங்களூரு எஃப்சி அணியின் சுனில் சேத்ரி அதையும் செய்து காட்டினார். 2024 ஜூன் மாதம் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற அவர், 2025 மார்ச்சில் 40 வயதில் திரும்ப அழைக்கப்பட்டு, மாலத்தீவுக்கு எதிராகத் தமது 95-ஆவது சர்வதேச கோலை அடித்தார்.

பஞ்சா மேசையில்

வயதுக்கு அதிகம் இடம் தரும் ஆட்டங்களில் ஒன்று, வட மாநிலங்களில் பஞ்சா எனப்படும் கை மல்யுத்தம். இங்கே ஓட்டமில்லை, துள்ளலில்லை. மணிக்கட்டு, முன்கை, தசைநாண்கள் ஆகியவற்றின் உறுதியும், பிடியின் நுணுக்கமுமே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. தசைநாண்கள் ஆண்டுக்கணக்கான பயிற்சியில்தான் மெல்ல மெல்ல உரம் பெறுகின்றன. உலகக் கை மல்யுத்தக் கூட்டமைப்பு 40, 50, 60 வயதைக் கடந்தோருக்குத் தனித்தனிப் பிரிவுகளையே வைத்துள்ளது. 1964-இல் பிறந்த அமெரிக்கர் ஜான் பிரசிங்க், 1980-களில் புகழ்பெற்று, 55 வயதைத் தாண்டிய பிறகும் முன்னணி வீரர்களுடன் மேசையில் மோதினார்.

இந்தியாவில் 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதுதில்லி இந்திரா காந்தி அரங்கில் புரோ பஞ்சா லீக் முதன்முறையாக நடைபெற்றபோது இவ்வாட்டம் தொலைக்காட்சிக்கு வந்தது. ஆனால் ஒலிம்பிக்கிலோ ஆசியப் போட்டியிலோ இடம்பெறாத ஆட்டம் இது. ஓய்வூதியத் திட்டமோ அப்போட்டிகளில் உள்ள ஆட்டங்களையே மையமாகக் கொண்டது. உடல் நீடிக்கக்கூடிய களத்தில், அரசின் ஆதரவு நீடிக்கவில்லை.

நீடித்தால் இழப்பு

முரண்பாடு இத்துடன் முடியவில்லை. ஓய்வு பெற்றால்தான் ஓய்வூதியம் என்ற நிபந்தனை, பெயருக்கேற்ப நியாயமானதே. ஆனால் வருமானம் குறைந்த ஓர் ஆட்டத்தில் ஆசியப் பதக்கம் வென்ற ஒருவர், 30 வயதில் விலகாமல் 40 வரை நாட்டுக்காக ஆடினால், மாதம் ரூ.12 ஆயிரம் வீதம் பத்தாண்டுகளில் ரூ.14.40 லட்சத்தை இழக்கிறார். விலகுபவருக்குக் கிடைப்பது, நீடிப்பவருக்குக் கிடைப்பதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசுப் பணிக்கு வயது வரம்பில் 5 ஆண்டுச் சலுகை இருந்தாலும், அதுவும் 30-களின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது.

போபண்ணாவைப் போன்றவர்கள் உலகச் சுற்றில் ஈட்டிய பரிசுத் தொகையைக் கொண்டு உடலியக்க நிபுணரையும் பயிற்சியாளரையும் அமர்த்திக்கொள்ள முடிந்தது. இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையம், படுகோன் - திராவிட் விளையாட்டு மையம், கிரிக்கெட் வாரியத்தின் உயர்திறன் மையம் எனப் பெங்களூருவில் வசதிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றின் கதவுகள் பெரும்பாலும் இளையோருக்கும், தேசிய அணியில் இருப்போருக்கும், கட்டணம் செலுத்த இயன்றவர்களுக்குமே திறக்கின்றன. வயதை வெல்வது மன உறுதியால் மட்டும் ஆவதன்று; அதற்குப் பணமும் வேண்டும்.

மறுதரப்பு வாதம்

மூத்தவர் நீடித்தால் இளையவருக்கு வழி அடைபடும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. 2018 நவம்பரில் புதுதில்லியில் ஆறாவது உலகப் பட்டம் வென்றபோது மேரி கோம் மாநிலங்களவையின் நியமன உறுப்பினர். அடுத்த ஆண்டு ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு அவர் நேரடியாகத் தேர்வாவதை எதிர்த்து, இளம் வீராங்கனை நிகத் ஜரீன் தகுதிப் போட்டி கோரினார். 2019 டிசம்பரில் அப்போட்டி நடந்தது. மேரி கோம் 9-1 என்ற கணக்கில் வென்றார். பின்னர் நிகத் ஜரீனும் 2022-இல் உலக சாம்பியனானார். வயதை வைத்து எவரையும் விலக்கவும் வேண்டாம், பெயரை வைத்து எவரையும் சேர்க்கவும் வேண்டாம்; வெளிப்படையான தகுதிப் போட்டியே போதும் என்பதை அந்நிகழ்வு காட்டியது. அதே மேரி கோமை இறுதியில் தடுத்தது தோல்வியன்று. 40 வயதைக் கடந்தோருக்கு அனுமதியில்லை என்ற சர்வதேசக் குத்துச்சண்டை விதி.

அரசும் அசையாமல் இருந்துவிடவில்லை. 2024 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, தேசிய விளையாட்டு தினத்தன்று, 20 முதல் 50 வயது வரையிலான ஓய்வுபெற்ற வீரர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் 'ரீசெட்' திட்டம் தொடங்கப்பட்டது. 2025 ஜூலை 1-ஆம் தேதி மத்திய அமைச்சரவை புதிய தேசிய விளையாட்டுக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் 'ரீசெட்' திட்டமும் களத்தை விட்டு வெளியேறியவருக்கானதே.

ஓய்வூதிய விதியில் ஒரு சிறு திருத்தம் போதுமானது. 30 வயதைக் கடந்தும் தகுதிப் போட்டியில் வென்று தேசிய அணியில் நீடிப்பவருக்கு, அத்தொகையைப் பயிற்சி உதவியாக வழங்கலாம். அரசுப் பயிற்சி மையங்களின் மருத்துவ வசதிகளை வயது பாராமல் அவருக்குத் திறந்துவிடலாம். நிர்வாகிக்காக 70-ஐ 75-ஆக நீட்டித்த அவைகளுக்கு, வீரருக்கான 30-ஐ மறுபரிசீலனை செய்வது பெரிய காரியமாக இருக்க முடியாது.